பஸ் ஸ்டாப் பெயரில் மட்டும் மிஞ்சும் மில்கள்: உங்கள் ஊர்ப் பழைய ஆலையைப் படம் எடுப்பது ஏன் அவசரம்?

கோவை அவிநாசி ரோட்டில் டவுன் பஸ் ஏறினால் இந்தக் குரலைக் கேட்காமல் இறங்க முடியாது: "லட்சுமி மில்ஸ் எறங்குறவங்க முன்னாடி வாங்க!" இறங்குகிறவர்களில் பெரும்பாலானோர் ஐ.டி. கார்டு மாட்டியவர்கள், காலேஜ் மாணவர்கள், ஷாப்பிங் வந்தவர்கள். அந்த மில்லில் நூல் நூற்றவர் ஒருவர் அந்த பஸ்ஸில் இருந்தால் ஆச்சரியம்தான். 1910ல் தொடங்கிய ஆலையின் வளாகத்தில் இப்போது கடைகளும் உணவகங்களும் வந்துவிட்டன. பஸ் ஸ்டாப் மட்டும் பெயரை விடவில்லை.

தமிழகத்தின் பல ஊர்களில் இதே கதைதான். சென்னையில் பின்னி மில், மதுரையில் ஹார்வி மில், தூத்துக்குடியில் கோரல் மில் என்று வழி சொல்வதற்குப் பயன்படும் பெயர்களாக ஆலைகள் மாறிவிட்டன. சில இடங்களில் சுவர் நிற்கிறது. சில இடங்களில் புகைபோக்கி மட்டும். சில இடங்களில் அதுவும் இல்லை.

இந்தக் கட்டடங்களை எல்லாம் காப்பாற்ற முடியுமா? முடியாது. நகரம் வளரும், நிலத்தின் விலை ஏறும், இடிப்பு நடக்கும். ஆனால் இடிப்பதற்கு முன் அது எப்படி இருந்தது என்பதற்குப் பதிவு வேண்டும் அல்லவா? அந்தப் பதிவைச் செய்யும் கருவி இன்று எல்லோர் பாக்கெட்டிலும் இருக்கிறது. அதை எப்படிச் செய்வது, எதைச் செய்யக்கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், இந்த மில்களில் அப்படி என்ன விசேஷம்?

சென்னையிலிருந்து ஆரம்பிப்போம். பெரம்பூர் வட்டாரத்தில் 1876ல் பக்கிங்ஹாம் மில்லும், 1881ல் கர்நாடிக் மில்லும் நிறுவப்பட்டன. 1920ல் இரண்டும் ஒன்றாகி 'பி அண்ட் சி மில்' ஆனது. நம் தாத்தாக்கள் சொல்லும் பின்னி மில் இதுதான். இந்த ஆலையின் தொழிலாளர்களை மையமாக வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற அந்தச் சங்கம், இந்தியாவின் முதல் ஒழுங்கமைந்த தொழிற்சங்கமாகக் கருதப்படுகிறது. 1921ல் இங்கே நடந்த வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. 1996ல் ஆலை மூடப்பட்டது. அதற்குப் பிறகு அந்தக் கூடங்களைத் தமிழ் மக்கள் பார்த்தது பெரும்பாலும் சினிமா சண்டைக் காட்சிகளில். இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன.

கோவையில் நவீன நூற்பு 1888ல் தொடங்கியது. ராபர்ட் ஸ்டேன்ஸ் நிறுவிய ஆலையை ஊர்க்காரர்கள் இன்றும் 'ஸ்டேன்ஸ் மில்' என்றே சொல்கிறார்கள். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் ஊரைச் சுற்றி மில்கள் பெருகின. 1974ல் நலிந்த ஆலைகள் நாட்டுடைமையாகி, தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கீழ் வந்தன. 2020 மார்ச் பொதுமுடக்கத்தில் அந்தக் கழகத்தின் தமிழ்நாட்டு ஆலைகள் 7 நின்றன. அவற்றில் 5 கோவையில் இருக்கின்றன: ஸ்டேன்ஸ், பங்கஜா, கம்போடியா, ரங்கவிலாஸ், முருகன் மில்கள். ஊரடங்கு முடிந்தது, ஊர் திறந்தது, ஆண்டுகள் ஓடின. மில் ஓடவில்லை.

புதுச்சேரியில் 1898ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில், 2011 டிசம்பரில் தானே புயலில் பலத்த சேதம் அடைந்தது. 2020 ஏப்ரல் 30ல் அதிகாரபூர்வமாக மூடப்பட்டது. 1936 ஜூலை 30ல் அந்த ஊரின் ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தார்கள். 8 மணி நேர வேலை என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் உரிமையோடு பிணைந்த வரலாறு அது. தூத்துக்குடி கோரல் மில்லில் 1908ல் நடந்த வேலைநிறுத்தத்தின் பின்னால் வ.உ.சி. இருந்தார்.

ஆக, இவை வெறும் பழைய ஷெட்டுகள் இல்லை. சுதந்திரப் போராட்டமும் தொழிற்சங்கமும் லட்சக்கணக்கான குடும்பங்களின் மாதச் சம்பளமும் நடந்த இடங்கள். கோயிலைப் படம் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மில்லைப் படம் எடுக்கத்தான் ஆள் குறைவு.

அரசு பாதுகாக்காதா?

நியாயமான கேள்வி. மத்திய அரசின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் 1958ல் வந்தது. அதன்படி ஒரு கட்டடம் தொன்மைச் சின்னம் என்று கருதப்பட, குறைந்தது 100 ஆண்டுகள் பழையதாக இருக்க வேண்டும். வயது இருந்தால் மட்டும் போதாது. அரசு அதை அறிவிக்கவும் வேண்டும். 1930களில் கட்டிய ஆலைக்கு இந்தக் கணக்கில் இன்னும் வயதே ஆகவில்லை. 100 வயது தாண்டிய ஆலையும் தனியார் நிலத்திலோ, கடன் வழக்கிலோ, பொதுத்துறைச் சொத்துப் பட்டியலிலோ சிக்கியிருக்கும். தமிழ்நாட்டில் 2012ல் பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. ஆனால் 'பாரம்பரியம்' என்றதும் நம் கண்ணுக்கு முதலில் தெரிவது கோபுரமும் அரண்மனையும்தான். ரம்பப் பல் கூரை போட்ட நூற்பாலை அந்த வரிசையில் கடைசியில்கூட நிற்பதில்லை.

தொழில் சார்ந்த இடமும் பாரம்பரியம் ஆகலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. நீலகிரி மலை ரயில் 2005ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அது இன்னும் ஓடுவதால் மக்கள் கண்ணில் படுகிறது. நின்றுபோன இயந்திரத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

போட்டோ எடுத்தால் என்ன மாறிவிடும்?

ஜெர்மனியில் ஒரு தம்பதி இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர். பெர்ன்ட் பிறந்தது ஸீகன் என்ற ஊரில். சுற்றிலும் இரும்புச் சுரங்கங்கள். 1950களில் அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தன் ஊர்ப் பக்கத்துச் சுரங்கம் ஒன்றை அவர் ஓவியமாக வரைய உட்கார்ந்தார். வரைந்து முடிப்பதற்குள் இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கை வேகம் போதவில்லை. அப்போதுதான் கேமராவை எடுத்தார்.

1959ல் ஹில்லாவோடு சேர்ந்து தொடங்கிய வேலை பல பத்தாண்டுகள் நீடித்தது. தண்ணீர்த் தொட்டிகள், இரும்பு உலைகள், எரிவாயுக் கலன்கள், சுரங்கத்தின் மேல் நிற்கும் சக்கரக் கோபுரங்கள் என்று தேடித் தேடி எடுத்தார்கள். அவர்களுடைய முறை மிக எளிது. மேகம் மூடிய வானம், கருப்பு வெள்ளை, நேராக எதிரே நின்ற கோணம், கட்டடத்தின் பாதி உயரத்தில் கேமரா. நாடகத்தனமான நிழல் இல்லை, சூரிய அஸ்தமனம் இல்லை. ஒரே வகைக் கட்டடங்களின் படங்களை வரிசையாக ஒரே சட்டத்தில் அடுக்கினார்கள். 9 தண்ணீர்த் தொட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போதுதான், ஒவ்வொன்றும் எவ்வளவு வேறு என்பது தெரிகிறது.

கலை உலகம் அதை மதித்தது. 1990ல் வெனிஸ் பினாலேயில் அவர்களுக்குத் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது, அதுவும் சிற்பப் பிரிவில்! அதைவிட முக்கியமான சம்பவம் டார்ட்மண்ட் நகரில் நடந்தது. ஸோலர்ன் என்ற நிலக்கரிச் சுரங்கம் 1966ல் மூடப்பட்டது. அதன் இயந்திரக் கூடத்தை இடிக்கத் திட்டம் இருந்தது. எதிர்ப்புத் தெரிவித்தவர்களில் பெக்கர் தம்பதியும் இருந்தார்கள். 1969ல் அந்தக் கூடம் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. இன்று அது தொழில் அருங்காட்சியகம். அதே வட்டாரத்தில் 1986ல் மூடப்பட்ட ஸோல்ஃபெரைன் சுரங்கம் 2001ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

போட்டோ எடுத்தால் எல்லாக் கட்டடமும் பிழைத்துவிடும் என்று அர்த்தம் இல்லை. பெக்கர் தம்பதி படம் எடுத்தவற்றில் மிகப் பல இன்று இல்லை. ஆனால் அவற்றின் வடிவம் தெரியும், அளவு தெரியும், எந்த ஊரில் எந்த ஆண்டு நின்றது என்று தெரியும். நம் ஊர் ஆலைகளுக்கு அந்த அளவு பதிவு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மில்லில் எதைப் பார்க்க வேண்டும்?

கேட் முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்துவிட்டுக் கிளம்புவது பதிவு ஆகாது. ஒரு நூற்பாலையைப் படிக்கத் தெரிந்தால், என்ன எடுப்பது என்பது தானாகப் புரியும்.

கூரை: தூரத்திலிருந்து பார்த்தால் ரம்பத்தின் பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்கும். ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தான கண்ணாடி. கண்ணாடி வழக்கமாக வடக்கு பார்த்திருக்கும். நேரடி வெயில் உள்ளே விழாமல், நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் கிடைக்க வேண்டும் என்பதற்காக. அறுந்த நூலைக் கண்டுபிடித்து முடிச்சுப் போட அந்த வெளிச்சம் வேண்டும்.

புகைபோக்கி: மின்சாரம் வருவதற்கு முன் ஆலைகளை ஓட்டியது நீராவி. பாய்லர் நெருப்புக்குக் காற்று இழுக்கவும், புகையை உயரத்தில் விடவும் கட்டிய செங்கல் தூண் அது. மின்சாரம் வந்தபின் வேலை போனாலும், இடிக்கச் செலவாகும் என்பதால் பல இடங்களில் அப்படியே விட்டுவிட்டார்கள்.

தண்ணீர்த் தொட்டி: பஞ்சு எளிதில் தீப்பிடிக்கும். அதனால் பழைய மில்களில் உயரமான தொட்டி கட்டாயம். காற்றில் ஈரப்பதம் குறைந்தால் நூல் அறும் என்பதால் கூடத்துக்குள் ஈரம் ஏற்றவும் தண்ணீர் வேண்டும்.

கேட், டைம் ஆபீஸ், கடிகாரம்: தொழிலாளி உள்ளே நுழையும் வழி. ஷிஃப்ட் பலகை, பழைய எழுத்துருவில் ஆலைப் பெயர், டோக்கன் ஜன்னல் எல்லாம் இங்கேதான். முதலில் காணாமல் போவதும் இவைதான்.

சுவருக்கு வெளியே: இதைத்தான் பலர் மறக்கிறார்கள். தொழிலாளர் லைன் வீடுகள், சங்க அலுவலகம், கொடிக்கம்பம், டீக்கடை, சைக்கிள் ஸ்டாண்டு, ஆலைக்குத் தண்ணீர் தந்த குளம். மதுரையில் ஹார்விப்பட்டி என்று ஒரு குடியிருப்பே ஆலைத் தொழிலாளர்களுக்காக எழுந்தது. ஆலை என்பது ஒரு கட்டடம் அல்ல, ஒரு நிலப்பரப்பு. மில் தெரியும் படம் ஒன்று, மில்லும் குளமும் சேர்ந்து தெரியும் படம் ஒன்று, மில்லைத் தாண்டி மலை தெரிந்தால் அதுவும் ஒன்று. விக்கிரமசிங்கபுரத்தில் பாபநாசம் மலையை விட்டுவிட்டு ஆலையை மட்டும் எடுத்தால், அந்த ஆலை ஏன் அங்கே வந்தது என்பதே புரியாது. அருவித் தண்ணீரின் விசைதானே அதை அங்கே இழுத்தது!

போன் போதுமா, கேமரா வேண்டுமா?

போன் தாராளமாகப் போதும். சில விஷயங்களில் மட்டும் கவனம் தேவை.

லென்ஸ்: பெரிய கட்டடம் என்றதும் கை தானாக 0.5-க்குப் போகும். போகாதீர்கள். அந்த அகல லென்ஸ் சுவர்களை வளைக்கும், ஓரங்களை இழுக்கும். முடிந்தவரை பின்னால் நடந்து 1-ல் எடுங்கள். இன்னும் தூரம் போக முடிந்தால் 2-ல் எடுத்தால் வடிவம் இன்னும் சரியாக வரும்.

நேர்கோடு: போனை மேல்நோக்கிச் சாய்த்தால் புகைபோக்கி பின்னால் விழுவது போலத் தெரியும். செட்டிங்ஸில் கிரிட் கோடுகளை ஆன் செய்து, போனை நெட்டாகப் பிடியுங்கள். கட்டடத்தின் தலை வெட்டுப்பட்டால் இன்னும் பின்னால் போங்கள். கீழே ரோடு நிறையத் தெரிகிறதா? பிறகு வெட்டிக்கொள்ளலாம். பெக்கர் தம்பதி ஏணியும் சாரமும் ஏறிச் செய்த வேலைக்கு, நம் ஊரில் எதிர் வீட்டு மொட்டை மாடி போதும். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

வெளிச்சம்: திரையில் சுவரைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். வெள்ளையாகக் கருகிய வானத்தை மீட்க முடியாது. இருட்டான சுவரைப் பிறகு தேற்றலாம்.

ஜூம்: சில போன்களில் 20, 30 மடங்கு ஜூம் போட்டால், மங்கலான எழுத்துகளை மென்பொருளே ஊகித்து வரைந்துவிடும். மில் பெயர்ப் பலகையில் இல்லாத எழுத்து வந்துவிடும். பதிவுக்கு அது ஆபத்து. பெயர்ப் பலகை வேண்டுமென்றால் காலால் நடந்து கிட்டே போங்கள்.

ஃபில்டர்: இன்ஸ்டாவுக்குத் தனியாக ஒரு காப்பி எடுத்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அசல் படத்தைத் தொடாதீர்கள்.

எந்த நேரம், எந்த மாதம்?

இங்கே நம் ஊர் வெயிலுக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. ஐரோப்பிய போட்டோ டிப்ஸை அப்படியே எடுத்தால் தப்பும். அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே. தமிழ்நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். கூடவே மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் உதிப்பதும் மறைவதும் கிழக்கு, மேற்குக்குச் சற்று வடக்கே தள்ளித்தான்.

இதனால் என்ன? ரம்பப் பல் கூரையின் வடக்குக் கண்ணாடியில் வெயில் பட்டு மின்னும் படம் வேண்டுமா? மே, ஜூன் மாதக் காலை அல்லது மாலை போங்கள். வடக்குச் சுவர் நிழலில் சீராக, ஒவ்வொரு செங்கல்லும் தெரியும்படி வேண்டுமா? நவம்பர், டிசம்பரில் போங்கள். அப்போது நாள் முழுக்க அந்தப் பக்கம் வெயிலே படாது. வடகிழக்குப் பருவமழைக் கால மேகம் இருந்தால் பெக்கர் பாணி வெளிச்சம் இலவசம். மழை விட்ட அரை மணி நேரத்தில் தூசி கழுவப்பட்டு, செங்கல் நிறம் ஆழமாகத் தெரியும்.

ஒரு ட்ரிக்: ஒரே இடத்தில் நின்று ஆண்டுக்கு இரண்டு தடவை எடுங்கள். தைப் பொங்கலுக்கு ஒன்று, ஆடிப் பெருக்குக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. 5 ஆண்டில் 10 படம். அரச மரக் கன்று எப்படிச் சுவரைப் பிளந்தது, கூரை எந்த ஆண்டு இறங்கியது, பக்கத்து அடுக்குமாடி எப்போது எழுந்தது என்பதெல்லாம் அந்தப் பத்துப் படத்தில் இருக்கும்.

உள்ளே போகலாமா?

சுருக்கமான பதில்: அனுமதி இல்லாமல் போகாதீர்கள்.

பொது ரோட்டில் நின்று கட்டடத்தைப் படம் எடுப்பதைப் பொதுவாகச் சட்டம் தடுக்கவில்லை. கட்டடக் கலைப் படைப்பைப் படம் எடுப்பதும் வெளியிடுவதும் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52வது பிரிவு சொல்கிறது. விதிவிலக்கு, பாதுகாப்பு சார்ந்த இடங்கள். ராணுவ வளாகம், துறைமுகம், மின் நிலையம் போன்ற இடங்களில் 'படம் எடுக்கத் தடை' பலகை இருந்தால் போனை உள்ளே வைத்துவிடுங்கள். 1923ம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

மூடிய மில் என்றாலும் அதற்கு உரிமையாளர் உண்டு. சுவர் ஏறிக் குதித்தால் அத்துமீறி நுழைந்த வழக்கு வரை போகலாம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த அந்தக் குற்றம் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 329வது பிரிவில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், உயிர் முக்கியம். துருப்பிடித்த கூரை, மூடாத கிணறு, உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் தூசி, பாம்பு... வைரல் ரீல்ஸுக்கு இது அதிக விலை.

டிரோன்? 250 கிராமுக்கு உட்பட்ட நானோ டிரோனுக்கு 2021 விதிகளின்படி பைலட் சான்றிதழ் வேண்டாம். ஆனால் வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடக் கூடாது. கோவையின் பழைய மில்கள் பல பீளமேடு விமான நிலையத்துக்குப் பக்கம். அங்கே டிரோன் ஆசையை மறப்பது நல்லது.

முறையான வழி ஒன்று உண்டு: வாட்ச்மேனிடம் பேசுவது.

"அண்ணா, வெளிய நின்னு ரெண்டு போட்டோ எடுத்துக்கலாமுங்களா?"

"உள்ள உடக்கூடாதுன்னு ஆர்டருங்க தம்பி. வெளிய நின்னு எடுத்துக்குங்க."

முதல் நாள் இவ்வளவுதான் நடக்கும். மூன்றாவது தடவை போகும்போது, பிரிண்ட் போட்ட படம் ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள். கேட் திறக்காமல் போகலாம், பேச்சு திறக்கும். அந்த வாட்ச்மேன் அதே மில்லில் ஒரு காலத்தில் ரிங் ஃபிரேம் ஓட்டியவராகக்கூட இருப்பார்.

'இடிபாடு அழகு' என்ற சிக்கல்

இது கொஞ்சம் சங்கடமான பகுதி. பாசி படர்ந்த சுவர், உடைந்த கண்ணாடி வழியே விழும் வெளிச்சம், இயந்திரத்தின் மேல் ஏறிய கொடி... லைக்ஸ் அள்ளும். ஆனால் அந்த உடைந்த கண்ணாடிக்குப் பின்னால் வேலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். பாக்கிச் சம்பளத்துக்கும் பணிக்கொடைக்கும் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் இருக்கிறார்கள். நமக்கு 'வைப்' ஆகத் தெரிவது அவர்களுக்கு வீட்டு வாடகை கட்ட முடியாமல் போன மாதம்.

கோலார் தங்கவயல் இதற்கு நல்ல உதாரணம். 1880களிலிருந்து 120 ஆண்டுகள் அளவுக்கு ஓடிய சுரங்கம். உள்ளே இறங்கியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்டது. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண், குன்றுகளாகக் குவிந்து கிடக்கிறது. 2018ல் வந்த 'கே.ஜி.எஃப்' படத்தால் அந்த மண்மேடு நாடு முழுக்கப் பிரபலம். காற்றடித்தால் அந்த மண் பறந்து வந்து விழும் வீடுகளில் இருப்பவர்கள் யார் என்பது படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதற்காகப் படம் எடுக்காமல் இருக்க வேண்டாம். எடுக்கும் முறையை மாற்றினால் போதும். கட்டடத்தைப் 10 படம் எடுத்தால், அங்கே வேலை பார்த்த ஒருவரிடமாவது பேசுங்கள். அனுமதி கேட்டுவிட்டு முகத்தை எடுங்கள். குரலைப் பதிவு செய்யுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. எந்த ஷிஃப்ட்? எந்த டிபார்ட்மென்ட், ப்ளோ ரூமா, கார்டிங்கா, ஸ்பின்னிங்கா? சாப்பாட்டு நேரம் எவ்வளவு? சங்கு எத்தனை மணிக்கு ஊதும்?

அந்தச் சங்கு முக்கியம். கையில் வாட்ச் இல்லாத காலத்தில் மில் சங்குதான் ஊருக்கே கடிகாரம். சங்கு ஊதியதும் அடுப்பில் உலை வைத்த வீடுகள் உண்டு, பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளைகள் உண்டு. கேமராவில் பிடிக்க முடியாத ஒன்று அது. கேட்டவர்கள் சொன்னால்தான் உண்டு. அவர்களுக்கு இப்போது 70, 80 வயது. கட்டடத்தைவிட அவர்கள்தான் அவசரம்.

எடுத்த படத்தை என்ன செய்வது?

பெரும்பாலான படங்கள் சாவது இங்கேதான். போன் மாறும், கேலரி தொலையும், எந்த மில் என்றே மறந்துபோகும். அதனால் 4 விஷயங்கள்.

ஒன்று, குறிப்பு எழுதுங்கள். கட்டடத்தின் பெயர், ஊர், நீங்கள் நின்ற இடம், பார்த்த திசை, தேதி, நேரம். "கேட்டுக்கு எதிர்ப்புற டீக்கடை வாசலிலிருந்து, வடக்கு பார்த்து, காலை 6.40" என்று ஒரு வரி போதும். 30 ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு அந்த வரி படத்துக்குச் சமம்.

இரண்டு, அசலைக் காப்பாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், தேதியும் இடமும் அழியும். டாகுமென்ட்டாக அனுப்புங்கள். ஒரு காப்பி கிளவுடில், ஒரு காப்பி ஹார்டு டிஸ்க்கில்.

மூன்று, பொதுவில் வையுங்கள். விக்கிமீடியா காமன்ஸில் யார் வேண்டுமானாலும் தங்கள் படத்தைத் திறந்த உரிமத்தில் ஏற்றலாம். அப்படி ஏற்றினால் விக்கிப்பீடியா கட்டுரைக்கும் பள்ளிக்கூடப் பிராஜெக்டுக்கும் யாரும் பயன்படுத்தலாம் என்பதைத் தெரிந்துகொண்டு ஏற்றுங்கள். லைன் வீடுகளில் குடியிருப்பவர்களின் முகமும் வீட்டு எண்ணும் தெரியும் படங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

நான்கு, பிரிண்ட் போடுங்கள். பழைய தொழிலாளி ஒருவருக்கு, சங்க அலுவலகத்துக்கு, ஊர் நூலகத்துக்கு ஆளுக்கு ஒன்று. ஒரு பிரிண்டுக்கு ஆகும் செலவு ஒரு டீ, வடைக் கணக்குதான்.

எங்கே ஆரம்பிப்பது?

வெளியூர் போக வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் தேடுங்கள். மில் இல்லையா? அரிசி ஆலை இருக்கும், செங்கல் சூளை இருக்கும், ஓட்டுக் கம்பெனி இருக்கும், சர்க்கரை ஆலையின் பழைய குடோன் இருக்கும். தூத்துக்குடிக்காரர்களுக்கு உப்பளம், எண்ணூர்க்காரர்களுக்கு முகத்துவாரத்துக்குப் பின்னால் தெரியும் புகைபோக்கிகள். பஸ் ஸ்டாப் பெயர்களைக் கவனியுங்கள். 'மில்', 'கம்பெனி', 'டிப்போ', 'ஷெட்' என்று முடியும் ஸ்டாப்பில் இறங்கினால் ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்கும்.

அங்கே வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுப் போனால் இன்னும் நல்லது. "தாத்தா, நீங்க வேலைக்குப் போன கேட் எது?" என்று கேட்டுவிட்டு, அந்த கேட்டைப் படம் எடுத்துவந்து காட்டுங்கள். அவர் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார். பிறகு அந்தப் படத்தில் இல்லாததை எல்லாம் சொல்ல ஆரம்பிப்பார். ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டுக் கேளுங்கள்.